சந்திரன் எங்கிருந்து வந்தது? கற்கள் சொன்ன சாட்சியம்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நம் கூட்டங்களில் உபந்நியாசம் இருக்கும், பாட்டுக் கச்சேரி இருக்கும், இல்லாவிட்டால் பென்ஷன், மருத்துவக் காப்பீடு பற்றி யாராவது பேசுவார்கள். இந்த மாதம் விஞ்ஞானம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் விஞ்ஞானி அல்ல. 1971-ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு, முப்பத்தெட்டு வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் பைல் பார்த்தவன். ஆனால் சந்திரனைப் பற்றிய ஆராய்ச்சியைப் பல வருஷங்களாகப் படித்து வருகிறேன். பைல் பார்த்த பழக்கம் அதற்கு உதவியாகவே இருக்கிறது. ஏனென்றால் இது ஒரு பெரிய விசாரணை. சம்பவம் நடந்து சுமார் 450 கோடி வருஷம் ஆகிவிட்டது. நேரில் பார்த்த சாட்சி ஒருவரும் கிடையாது. அப்படிப்பட்ட விஷயத்தில் உண்மையை எப்படி முடிவு செய்வது? இதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

தெரிந்ததும் தெரியாததும்

சந்திரன் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதை நம் நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு ஆதாரமாக வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248 உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் எழுத்துகளில் ஒளித்து வைத்த ஓர் எண். சந்திரன் பூமிக்கு அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வரும் சுற்று ஒன்பது முறை முடிய 248 நாள் ஆகிறது. அதனால்தான் அந்த எண்ணிக்கை. தொலைநோக்கி இல்லாத காலத்தில் செய்த இந்தக் கணக்கு சாமானியமான காரியம் அல்ல.

ஆனால் சந்திரன் எதனால் ஆனது, எப்படி உண்டாயிற்று என்பதை எந்தக் கணக்காலும் சொல்ல முடியவில்லை. தொலைநோக்கி வந்த பிறகும் முந்நூற்றைம்பது வருஷம் அது தெரியவில்லை. பூமியிலிருந்து பார்த்தால் சந்திரனின் ஒரு பக்கம்தான் எப்போதும் தெரியும். அதில் வெளுப்பான பகுதியும் கருமையான பகுதியும் உண்டு. கருமையான இடங்களைக் கடல் என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1959 அக்டோபரில் சோவியத் ரஷ்யாவின் லூனா-3 சந்திரனின் மறுபக்கத்தை முதல்முதலாகப் படம் எடுத்து அனுப்பியது. அதில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நம்மைப் பார்க்கும் பக்கத்தில் சுமார் 30 சதவீதம் கரும்பரப்பு. மறுபக்கத்தில் 2 சதவீத அளவுக்குத்தான் இருந்தது. ஒரே பொருளின் இரண்டு பக்கங்கள் ஏன் இப்படி வேறுபட வேண்டும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருமனதான பதில் இல்லை. மறுபக்கத்தில் மேலோடு தடிமனாக இருப்பதால் எரிமலைக் குழம்பு வெளியே வர முடியவில்லை என்கிறார்கள். மேலோடு ஏன் அங்கே மட்டும் தடித்தது என்பது அடுத்த கேள்வி.

சந்திரனில் காணும் வட்டக் குழிகள் எரிமலை வாய்களா, விண்கற்கள் மோதியதால் வந்தவையா என்றும் நீண்ட நாள் சர்ச்சை இருந்தது. மோதலால் வந்த குழி எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். மகாராஷ்டிரத்தில் புல்டாணா மாவட்டத்தில் லோணார் ஏரி இருக்கிறது. சுமார் 1.8 கிலோமீட்டர் குறுக்களவு. தக்காணத்தின் கருப்புப் பசால்ட் பாறையில் விண்கல் மோதி உண்டான பள்ளம் அது. பசால்ட் பாறையில் இப்படி நன்றாக நிலைத்திருக்கும் பள்ளம் உலகத்தில் அபூர்வம். சந்திரனின் கரும்பரப்பும் பசால்ட்தான் என்பதால், சந்திரப் பள்ளங்களைப் புரிந்துகொள்ள லோணாரை ஆராய்கிறார்கள். அந்தப் பக்கம் போகும் அங்கத்தினர்கள் அவசியம் பார்த்துவிட்டு வர வேண்டும்.

விண்கல் பள்ளங்களுக்கு உரிய அடையாளங்களை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் யூஜீன் ஷூமேக்கர் என்ற அமெரிக்க நிலவியல் அறிஞர். தானே சந்திரனுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். உடல்நலக் குறைவால் அது நடக்கவில்லை. போகிறவர்களுக்குக் கல்லைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். 1997-ல் அவர் காலமானபின், அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை லூனார் பிராஸ்பெக்டர் என்ற விண்கலத்தில் வைத்து அனுப்பினார்கள். 1999 ஜூலை 31 அன்று அது தென் துருவத்தின் அருகே சந்திரனில் விழுந்தது.

382 கிலோ கல்

1969 ஜூலையிலிருந்து 1972 டிசம்பர் வரை ஆறு அப்போலோ பயணங்களில் பன்னிரண்டு பேர் சந்திரனில் நடந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது மொத்தம் 382 கிலோ கல்லும் மண்ணும். ரஷ்யாவின் லூனா-16, லூனா-20, லூனா-24 ஆகிய ஆளில்லாக் கலங்கள் மூன்றும் சேர்ந்து சுமார் 300 கிராம் கொண்டுவந்தன.

முதல் அப்போலோ இறங்கியது கரும்பரப்பில். அங்கே கிடைத்தது எதிர்பார்த்தபடி பசால்ட். அஜந்தா, எல்லோராவில் குடைந்திருக்கிறார்களே, அந்த ஜாதிக் கல். வயது 360 கோடி வருஷத்துக்கு மேல். ஆனால் அந்த மண்ணில் பொடிப்பொடியாக வெள்ளைத் துணுக்குகளும் கிடந்தன. யாரோ வீசிய எச்சில் பருக்கை மாதிரி இருந்த அந்தத் துணுக்குகளை ஜான் உட் என்ற அறிஞரின் குழு விடாமல் ஆராய்ந்தது. அவை அனார்தோசைட் என்ற வெளுப்பான பாறையின் சில்லுகள். தூரத்தில் தெரியும் வெள்ளை மேட்டு நிலங்களிலிருந்து மோதலால் சிதறி வந்தவை என்று தீர்மானித்தார்கள்.

அந்தப் பாறை ஏன் சந்திரனின் மேலே முழுக்கப் போர்த்தியிருக்க வேண்டும்? ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்தியது. ஆரம்பத்தில் சந்திரனின் மேற்பகுதி பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிய கல் குழம்பாக இருந்திருக்கிறது. அது ஆறும்போது கனமான படிகங்கள் அடியில் அமிழ்ந்தன. லேசான படிகங்கள் மேலே மிதந்து, காய்ச்சின பாலின் மேல் ஏடு படிவது போலப் படிந்தன. அந்த ஏடுதான் இன்று நாம் காணும் வெள்ளை நிலம். கடைசியில் மிஞ்சிய குழம்பில் பொட்டாசியம், அரிய மண் தனிமங்கள், பாஸ்பரஸ் எல்லாம் சேர்ந்து தனியாக ஓர் அடுக்காக நின்றன. அந்தக் கலவையும் கற்களில் அகப்பட்டது. ஒரு கைப்பிடி மண்ணில் இருந்த வெள்ளைத் துணுக்கிலிருந்து ஒரு கோளின் பிறப்பு நாட்களைக் கணித்தார்கள் என்றால் அது லேசான விஷயமா?

நால்வரில் யார்?

இப்போது முக்கியமான விசாரணைக்கு வருகிறேன். சந்திரன் எப்படிப் பிறந்தது என்பதற்கு அப்போலோவுக்கு முன் மூன்று கட்சிகள் இருந்தன.

முதல் கட்சி, பூமி வேகமாகச் சுற்றியபோது அதிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது சந்திரன் என்றது. சொன்னவர் ஜார்ஜ் டார்வின். பரிணாமம் எழுதிய சார்லஸ் டார்வினின் மகன். இரண்டாவது கட்சி, வேறெங்கோ உண்டான சந்திரனைப் பூமி இழுத்துப் பிடித்துக்கொண்டது என்றது. மூன்றாவது கட்சி, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே சமயத்தில் உருவானவை என்றது. மூன்றுக்கும் பெரிய பெரிய ஆதரவாளர்கள் இருந்தார்கள்.

சாட்சியம் என்ன சொன்னது? முதலாவது, பூமியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதன் இரும்பு உள்ளகம். சந்திரனின் உள்ளகமோ அதன் எடையில் 2 சதவீத அளவுகூட இல்லை. பக்கத்தில் ஒன்றாக உருவானால் இந்த வித்தியாசம் வரக் கூடாது. மூன்றாவது கட்சி தோற்றது. அடுத்தது ஆக்ஸிஜன். ஆக்ஸிஜன் அணுக்களில் லேசானது, கனமானது என்று மூன்று வகை உண்டு. அவற்றின் விகிதம் சூரிய மண்டலத்தில் இடத்துக்கு இடம் மாறும். செவ்வாய்க்கு ஒன்று, விண்கற்களுக்கு வேறு. சந்திரக் கல்லின் விகிதம் பூமியின் விகிதத்தோடு அப்படியே ஒத்துப்போயிற்று. வேறு ஊரிலிருந்து வந்தது என்ற இரண்டாவது கட்சி பலவீனப்பட்டது. பூமி பிய்ந்துபோகும் அளவுக்கு வேகமாகச் சுற்றியது என்பதற்குக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. முதல் கட்சியும் நிற்கவில்லை.

1975-ல் வில்லியம் ஹார்ட்மன், டொனால்ட் டேவிஸ் இருவரும், 1976-ல் காமரான், வார்டு இருவரும் நான்காவதாக ஒன்றைச் சொன்னார்கள். இளமைப் பூமியின் மேல் இன்னொரு கோள் வந்து மோதியது. இரண்டின் மேற்பாறையும் சிதறிப் பூமியைச் சுற்றி வளையமாயிற்று. அது திரண்டு சந்திரன் ஆயிற்று. வந்து மோதியதன் இரும்பு பூமிக்குள் போய்விட்டது. அதனால் சந்திரனுக்கு இரும்பு குறைவு. மோதலின் வெப்பத்தால் எல்லாம் உருகியது. அதனால் கல் குழம்புக் கடல். முதலில் யாரும் அதிகம் லட்சியம் செய்யவில்லை. 1984-ல் ஹவாயில் நடந்த மாநாட்டில் எல்லாக் கட்சிகளும் தம்தம் பைலைத் திறந்து வைத்தபோது, அதிகம் பேர் ஏற்றுக்கொண்டது இதைத்தான். மோதிய அந்தக் கோளுக்குப் பிற்பாடு தீயா என்று பெயர் வைத்தார்கள்.

வழக்கு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. கம்ப்யூட்டர் கணக்குப்படி சந்திரனில் பெரும்பகுதி தீயாவின் பொருளாக இருக்க வேண்டும். அப்படியானால் ஆக்ஸிஜன் விகிதம் பூமியைப் போலவே இருப்பது எப்படி? மோதலின் உக்கிரத்தில் இரண்டும் ஆவியாகி ஒன்றாய்க் கலந்தன என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு பெரிய மோதல் அல்ல, பல சிறிய மோதல்கள் என்று 2017-ல் ஒரு குழு எழுதியது. தீயாவே பூமிக்கு அருகில் உண்டான கோள்தான் என்பாரும் உண்டு. பிறந்த தேதியிலும் பேதம் இருக்கிறது. 451 கோடி வருஷம் என்று ஒரு சாரார், அதைவிட 5 கோடி, 15 கோடி வருஷம் பின்னால் என்று மற்றவர்கள்.

இதைக் கேட்டுச் சிலர், "இவாளுக்கே தெரியலை, தினம் ஒண்ணு சொல்றா" என்று சிரிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆதாரம் வந்தவுடன் தன் கட்சியைத் தானே கைவிடத் தயாராக இருப்பவர்களிடம்தான் விசாரணையை ஒப்படைக்கலாம். ஆபீஸில் நான் பார்த்த பல விசாரணைகளில், முடிவு முதலில் எழுதப்பட்டு, சாட்சிகள் பிறகு தேடப்பட்டார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லை.

"நெஜமாவே போனாளா?"

போன வருஷம் நம் அங்கத்தினர் வீட்டுப் பையன் ஒருவன், இன்ஜினியரிங் படிக்கிறவன், "மாமா, அவா நெஜமாவே சந்திரனுக்குப் போனாளா? ஸ்டுடியோல எடுத்ததுன்னு சொல்றாளே" என்று கேட்டான். கொடியையும் நிழலையும் பற்றி வாதாடிப் பிரயோஜனம் இல்லை. கல்லைக் கேட்க வேண்டும் என்றேன்.

காற்று இல்லாத இடத்தில் கிடந்த கல்லின் மேல், கண்ணுக்குத் தெரியாத விண்துகள்கள் விழுந்து நுண்ணிய குழிகளை உண்டாக்கும். பூமியில் காற்று இருப்பதால் அது நடக்காது. அண்டக் கதிர்கள் படிகங்களுக்குள் கோடு கோடாகத் தடம் பதிக்கும். இந்தத் தடங்களை ஆராய்ந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் தேவேந்திர லால் தலைமையிலான குழுவுக்கு அப்போலோ மாதிரிகள் வந்தன. ரஷ்யா தனியாகக் கொண்டுவந்த மண்ணும் இதையே சொல்லிற்று. அன்றைக்கு அமெரிக்காவின் பொய்யை வெளிப்படுத்த ரஷ்யாவைவிட ஆசைப்பட்டவர் யார் இருந்திருக்க முடியும்?

அப்போலோ ஆட்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிப் பலகைகளில் பூமியிலிருந்து லேசர் அடித்து இன்றைக்கும் தூரம் அளக்கிறார்கள். சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிப் போவது அப்படித்தான் தெரிந்தது. அவர்கள் வைத்த நில அதிர்வுக் கருவிகள் 1977 வரை வேலை செய்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்தன. அந்தப் பழைய பதிவுகளை 2011-ல் புதிய முறையில் அலசித்தான் சந்திரனின் உள்ளகத்தின் அளவையே கண்டார்கள். நம் சந்திரயான்-2 சுற்றுக்கலமும் அப்போலோ-11 இறங்கிய இடத்தைப் படம் எடுத்திருக்கிறது. பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை யாரும் சொல்லலையே மாமா" என்றான். சொல்ல வேண்டியது நம் போன்றவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

நம் பங்கு

அப்போலோ கற்களில் தண்ணீரின் அடையாளம் கொஞ்சம் தென்பட்டபோது, பூமியின் ஈரம் ஒட்டிக்கொண்டது என்று தள்ளிவிட்டார்கள். சந்திரன் எலும்பைப் போல வறண்டது என்பதே பாடம். 2008-ல் அதே அப்போலோ மண்ணிலிருந்த எரிமலைக் கண்ணாடி மணிகளுக்குள் தண்ணீரின் தடயம் இருப்பதைப் புதிய கருவிகளால் கண்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1 புறப்பட்டது. நவம்பர் 14 அன்று நம் மூவர்ணக் கொடி தீட்டிய சிறு கலம் தென் துருவப் பகுதியில் மோதி இறங்கியது. சந்திரயானில் நாசா வைத்திருந்த கருவி ஒன்று, நீர் மூலக்கூறும் அதன் உறவான ஹைட்ராக்ஸிலும் தரைமேல் பரவியிருப்பதைக் காட்டியது. 2009 செப்டம்பரில் அது அறிவிக்கப்பட்டது. கருவி அவர்களுடையது, கொண்டுபோனது நாம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே மரியாதை. அடுத்த மாதம், சூரிய ஒளியே படாத கபேயஸ் பள்ளத்தில் நாசா ஒரு ராக்கெட் பகுதியை மோதவிட்டு, எழுந்த புழுதியில் பனிக்கட்டி இருப்பதைக் கண்டது.

சந்திரயான்-2ன் தரையிறங்கு கலம் 2019 செப்டம்பரில் கைநழுவியது எல்லோருக்கும் நினைவிருக்கும். சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்குப் பத்திரமாக இறங்கியது. இடம் சுமார் 69 டிகிரி தெற்கு. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். டி.வி. முன் கைதட்டினோம். பிறகு என்ன கண்டுபிடித்தார்கள் என்று எத்தனை பேர் விசாரித்தோம்?

பிரக்யான் என்ற சின்ன வண்டி 103 மீட்டர் தூரம் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் குழு 2024 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டது. மண் அனார்தோசைட் வகையை ஒத்திருந்தது. அப்போலோக்கள் எல்லாம் நம்மைப் பார்க்கும் பக்கத்தில், நடுக்கோட்டை ஒட்டியே இறங்கின. ஒரு தாலுகாவில் எடுத்த சர்வேயை வைத்து தேசம் முழுவதற்கும் ரிப்போர்ட் எழுதியது போல, கல் குழம்புக் கடல் என்ற கொள்கை அங்கே நின்றிருந்தது. தென் துருவத்தை நோக்கிப் போய் அதே பாறைக் குடும்பத்தைத் தரையில் தொட்டு அளந்தது நம் வண்டிதான். இன்னொரு கருவி, பகலில் மேல்தரையில் 50 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போது, வெறும் 8 சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10 டிகிரி இருப்பதைக் காட்டியது. சந்திர மண் அவ்வளவு நல்ல போர்வை.

ஒரு சுவாரஸ்யமான செய்தி. சந்திரனில் வண்டி ஓட்டிப் பழக அதே மாதிரி மண் வேண்டுமே? நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்ற ஊரில் அனார்தோசைட் பாறை இருக்கிறது. அங்கிருந்து கல்லைக் கொண்டுபோய்ப் பொடித்து, பெங்களூரில் சந்திரத் தரை அமைத்து ஒத்திகை பார்த்தார்கள்.

சீனாவும் பெரிய காரியம் செய்திருக்கிறது. 2020 டிசம்பரில் சாங்கே-5 கொண்டுவந்த பசால்ட்டின் வயது 200 கோடி வருஷம். சந்திரன் அதற்கு வெகு காலம் முன்பே ஆறிவிட்டது என்று நினைத்தவர்கள் திகைத்தார்கள். 2024 ஜூனில் சாங்கே-6 மறுபக்கத்திலிருந்து சுமார் 1.9 கிலோ கொண்டுவந்தது. மனித சரித்திரத்தில் மறுபக்கத்துக் கல் கைக்கு வந்தது அதுவே முதல் தடவை. தென் துருவம் வரை நீளும் 2,500 கிலோமீட்டர் பெரும்பள்ளம் 425 கோடி வருஷத்துக்கு முன் உண்டானது என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள்.

இதனால் நமக்கு என்ன?

"அம்பது வருஷமா கல்லைப் பார்த்துண்டிருந்தா, வயிறு ரொம்பிடுமா?" என்று ஒரு மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் இது. பூமி தன் முதல் 50 கோடி வருஷத்துப் பதிவேடுகளை ஏறக்குறைய முழுக்க அழித்துவிட்டது. மழை, காற்று, நிலத்தட்டுகளின் நகர்வு எல்லாம் சேர்ந்து பழைய பாறைகளைக் கரைத்தும் உருக்கியும் விட்டன. உயிர் தோன்றுவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் என்னென்ன வந்து விழுந்தது, சூரியன் எப்படி இருந்தது என்ற நம்முடைய குடும்பக் கணக்கு, அடுத்த வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அந்த வீடுதான் சந்திரன்.

அந்தக் கணக்குக்கு இப்போது ஆபத்தும் இருக்கிறது. தென் துருவத்தின் நிரந்தர நிழலில் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே உறைந்திருக்கும் பனி, எப்போது, எதிலிருந்து வந்தது என்ற வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கும். அதையே குடிநீராகவும் ராக்கெட் எரிபொருளாகவும் மாற்றப் பல தேசங்களும் கம்பெனிகளும் திட்டமிடுகின்றன. எடுத்துப் பயன்படுத்துவது தவறில்லை. படித்துப் பார்க்காமல் பழைய ஓலைச்சுவடியை அடுப்பில் போடுவதுதான் தவறு.

அப்போலோ-17 கொண்டுவந்த மண்ணில் ஒரு குழாயைக் காற்றுப்புகாமல் மூடி, திறக்காமலே வைத்திருந்தார்கள். பின்னால் வருகிறவர்களிடம் நல்ல கருவி இருக்கும், அவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். 2022 மார்ச்சில், ஐம்பது வருஷம் கழித்து அதைத் திறந்தார்கள். திறந்த பலர், அது மூடப்பட்டபோது பிறக்கவே இல்லை. சந்திரயான்-4 சந்திர மண்ணை இந்தியாவுக்கே கொண்டுவரும் திட்டம். 2024 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. அந்த மண் வந்து சேரும்போது, அதிலும் ஒரு பங்கை நாம் இப்படி மூடி வைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

வரும் பௌர்ணமியன்று பேரன் பேத்திகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். வெளுப்பாகத் தெரிவது முதலில் மிதந்த ஏடு, கருப்பாகத் தெரிவது பின்னால் பொங்கி வந்த குழம்பு என்று காட்டுங்கள். அதற்குத் தொலைநோக்கி வேண்டாம். அவர்கள் கேட்கும் அடுத்த கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் சேர்ந்து படியுங்கள்.

 கேள்விகள் இருந்தால் காபிக்குப் பிறகு பேசலாம்.